வெள்ளிக்கிழமைச் சூடு

துணி உலர்த்தும் மெஷினைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று, ரிப்பேர் வேலை பழகுகிற உங்களில் ஒருவர் கேட்டார். பெல்ட் மாற்றுவது, பஞ்சு வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்வது, ஹீட்டர் காயில் அறுந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் போனைத் தட்டினால் போதும், எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு பிரித்துக் காட்டுகிறான். அதற்கு நான் எதற்கு? நான் சொல்லப்போவது ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நடக்கிற சங்கதி. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். அவசரம் உள்ளவர்கள் எழுந்து போய் டீ குடிக்கலாம், எனக்கு வருத்தமில்லை.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் இருந்தேன். ஃபேன், மிக்சி, அயர்ன் பாக்ஸ், கிணற்று மோட்டார், எது வந்தாலும் பார்ப்போம். துணி காயவைக்க ஒரு மெஷின் என்று சொன்னால் அப்போது ஊரே சிரித்திருக்கும். வெயிலுக்கா நம்ம பக்கம் பஞ்சம்? ஆனால் வானூர்ப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் வீட்டில் ஒன்றிரண்டு இருந்தன. அவற்றை நான் பிரித்து மாட்டியிருந்தேன். அதனால் ஜில்லாவிலேயே அந்த மெஷின் தெரிந்த ஆள் நான்தான் என்று கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி போகிற வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார்.

அந்தக் கடைக்காரர் முன்கோபி. காணை கிராமத்துப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில், சேற்றில் நின்றபடி ஸ்டார்ட்டரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைக்கப் போனேன். முதுகில் விழுந்தது ஒரு அறை. "மொதல்ல உன் காலு எங்க நிக்குதுன்னு பாருடா. கையி எங்க போவணும்னு அப்பறம் பாக்கலாம்" என்றார். போகிற இடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். நாமென்ன சின்னப் பிள்ளையா என்று நினைத்துக்கொள்வேன்.

அது பங்குனி மாதம். மழை பெய்து நாளாகி, தரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஏழுமலை கடைக்கு வந்தார். விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர், பழகின ஆள். யூனிபாரத்தைக்கூடக் கழற்றவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, ஒரு மெஷினு என் தங்கச்சிய கொல்லப் போவுது. நாளைக்கு நீங்க என்கூட வரணும்" என்றார்.

உட்காரச் சொல்லி விசாரித்தேன். தங்கை வேதவல்லியைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பாஸ்கரன் வளைகுடாவில் ஒரு லாண்டிரியில் வேலை பார்த்தவர். நெஞ்சுவலி வந்து அங்கேயே இறந்துபோனார். உடலையும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். வீட்டுக்குத் தந்திதான் வந்தது. பாஸ்கரனின் அம்மா அழவே இல்லையாம். "மூஞ்சியப் பாக்காம எதுக்குடி அழுவணும்? எம்புள்ள வருவான்" என்று சொல்லிவிட்டாராம். ஒப்பாரி வைக்க வந்த சொந்தக்காரப் பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அதற்குப் பிறகு கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்தது. பாஸ்கரன் உயிரோடு இருந்தபோது வீட்டுக்கென்று புக் செய்து அனுப்பிய துணி உலர்த்தும் மெஷின். பெட்டியைப் பிரித்ததும் அந்த அம்மாள் மெஷினைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டான் பாரு" என்றாராம். ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தார்கள், ஓடியது. அதற்குப் பிறகு யாரும் சுவிட்சைத் தொடவில்லை. மகனுடைய சட்டைகளை மடித்து மெஷின் வயிற்றுக்குள் அடுக்கினார் அம்மாள். மேலே மஞ்சள் குங்குமம் வைத்து விளக்கு ஏற்றினார்.

"சரி, சாமி மாதிரி வெச்சிக்கினு இருக்காங்க. இருக்கட்டுமே. அதுல இன்னா?" என்றேன்.

"வெள்ளிக்கெழம ஆனா அது சூடாவுதுண்ணே."

"என்னது?"

"சுவிட்சு போடாமயே தானா சூடாவுது. மத்த நாள்ல பச்சத்தண்ணி மாதிரி கெடக்குது. வெள்ளிக்கெழம வூடு கழுவி, வெளக்கேத்தினா, மத்தியானத்துக்குள்ள சூடு ஏறிடுது. நானே தொட்டுப் பாத்தேன். சிரிக்காதீங்கண்ணே."

நான் சிரித்துவிட்டேன்தான். மீதியைக் கேட்ட பிறகு சிரிப்பு போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் வேதவல்லி தலை முழுகிவிட்டு வந்து, உள்ளே கையை விட்டு ஒரு சட்டையை எடுத்து மாமியார் மடியில் வைக்க வேண்டும். இப்போது சில வாரங்களாக, கையை விட்டதும் உள்ளேயிருந்து ஏதோ பிடித்து இழுக்கிறதாம். போன வாரம் தூக்கி எறிந்ததில் சுவரில் மோதி மூர்ச்சையாகிவிட்டாள்.

"அவரு கடைசியா வெளிநாட்டுக்குக் கெளம்பனப்ப ரெண்டு பேருக்கும் சண்டை. வாசல்ல நின்னு போய்ட்டு வர்றேன்னு சொன்னாராம். இவ மூஞ்சியத் திருப்பிக்கினு உள்ள போய்ட்டா. அந்தக் கோவத்துலதான் புடிச்சி இழுக்கறான்னு அத்தை சொல்றாங்க. இவளும் ஆமான்றாண்ணே! அதான் எனக்கு பேஜாரா இருக்குது."

முகையூர்ப் பக்கத்திலிருந்து குறி சொல்லும் அம்மா ஒருவரை அழைத்திருந்தார்களாம். அவர் சொன்ன பரிகாரம் இது. வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் மெஷினுக்கு மஞ்சள் தண்ணீர் அபிஷேகம். வேதவல்லி ஈரப் புடவையோடு இரண்டு கையையும் உள்ளே விட்டு, அவராகக் கையை விடுகிறவரை பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"விடுகிறவரை" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கரண்ட் பிடித்தால் விடாது என்று நமக்குத் தெரியும்.

"பிளக்கு சொருவி இருக்குதா?"

"சொருவித்தான் இருக்குது. அத மட்டும் புடுங்கக் கூடாதுன்னு அத்தை கண்டிசனா சொல்லிட்டாங்க. நான் சொன்னா எடுபடாதுண்ணே, பொண்ணு குடுத்த வூடு. நீங்க மெக்கானிக்கா வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

மறுநாள் கடை வேலையை ஒதுக்கிவிட்டு முற்பகலில்தான் புறப்பட முடிந்தது. போகிற வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்து, கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போனது. ஏழுமலை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "ஜல்தி, ஜல்தி" என்று அந்த ரயிலைத் திட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை நெருங்கிவிட்டது.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசற்படியில் ஈரக்கோலம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்? வெளியே அத்தனை வெயில், உள்ளே சிமெண்டுத் தரை ஜில்லென்று காலில் ஒட்டியது. கூடத்தைத் தாண்டி, தோட்டத்துப் பக்கம் பார்த்த பின்கட்டு அறை. அங்கேதான் அது இருந்தது.

வெள்ளை எனாமல் பூசிய மெஷின். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வட்டமான கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. பாஸ்கரனின் அம்மா பக்கத்தில் ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்து, மெஷினின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ பயம் வந்தது. குறி சொல்லும் அம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார். பாஸ்கரனின் தம்பி சுவரோரமாக நின்றான். நனைந்த புடவையில், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, வேதவல்லி நடுவில் நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கதவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷினு பாக்கறவரு. விழுப்புரத்துலேர்ந்து வந்திருக்காரு" என்றார் ஏழுமலை.

அம்மாள் கண்ணைத் திறந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "வா தம்பி. தொட்டுப் பாரு" என்றார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் காட்டுகிற மாதிரி.

முதலில் சுவிட்சைப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. பிறகு புறங்கையை எனாமலில் வைத்தேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிச் சூடு. மோட்டார் ஓடவில்லை, மெஷினின் சின்ன விளக்கு எரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை. சூடு மட்டும் இருந்தது.

"இந்தா, இதையும் பாரு" என்று அம்மாள் மடியிலிருந்த சட்டையை என் கையில் கொடுத்தார். உள்ளே கை விடப் பயந்து, மூங்கில் கழியால் நெம்பி எடுத்திருந்தார்களாம். அந்தச் சட்டை இருந்ததே, யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. காலரில் பழுப்பாக ஒரு கறை.

"வேர்வ" என்றார் அம்மாள். "அவனுக்கு எப்பவும் கழுத்துலதான் வேர்க்கும்."

முகர்ந்து பார்த்தேன். லேசான கருகல் வாடை. அது சூட்டில் பழுத்த துணி, வேர்வையில்லை. புத்திக்குத் தெரிகிறது. ஆனால் முதுகில் மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறதே, அதற்கு யார் சொல்வது?

காரணம் பிறகு பார்க்கலாம், முதலில் கரண்டை நிறுத்துவோம் என்று வாசல் பக்கம் போனேன். மீட்டர் பலகையில் மெயின் சுவிட்சின் கைப்பிடி எப்போதோ உடைந்து, கம்பி போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கூடத்து ஃபேன் சுற்றி ஓய்ந்து நின்றது. "கரண்டு போயிடுச்சி" என்றான் பாஸ்கரனின் தம்பி. அப்பாடா என்றிருந்தது எனக்கு. இனி ஆண்டாண்டாக அபிஷேகம் செய்தாலும் ஆபத்தில்லை. திரும்பி வந்து, ஒரு சம்பிரதாயத்துக்கு, டெஸ்டரை எடுத்து மெஷினின் கதவோரத் தகட்டில் வைத்தேன்.

டெஸ்டர் எரிந்தது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி எரிந்தது. ஃபேன் நின்றுவிட்டது, ஃபியூஸ் என் பையில் இருக்கிறது, கரண்ட் இல்லாத வீட்டில் அந்த மெஷின் மட்டும் உயிரோடு இருந்தது. உங்களிடம் எதற்கு மறைக்க? அந்தக் கணம் நானும் நம்பினேன். உள்ளே யாரோ இருக்கிறார் என்றே நம்பினேன்.

என் கையில் எரிந்த சிவப்பு வெளிச்சத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "பாத்தீங்களா! கரண்டு போயும் இருக்கான் பாரு!" என்று குறி சொல்லும் அம்மா சாமி வந்தவர் போல ஆடினார். அவரும் பொய்யாக ஆடவில்லை, அவருக்கும் பயம்தான். "வேளை வந்துடுச்சி. போ தாயி, போய்ப் புடிச்சிக்கோ" என்று குடத்தைத் தூக்கினார்.

வேதவல்லி நடந்தாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவளாகவே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

"நில்லும்மா!" என்று கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. ஏழுமலை பாய்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் திமிறினாள். "வுடுண்ணே, அவரு கூப்புடறாரு" என்றாள்.

பிளக்கைப் பிடுங்க வேண்டும். அது மெஷினுக்குப் பின்னால், சுவரில் தாழ்வாக இருந்தது. மெஷினின் பூச்சில்லாத பின்தகட்டை ஒட்டிக் குனிந்துதான் எட்ட வேண்டும். குனியப் போனவனுக்கு முதுகில் அந்தப் பழைய அறை விழுந்த மாதிரி இருந்தது. உன் காலு எங்க நிக்குது?

கீழே பார்த்தேன். வெறுங்கால். ஈரத் தரை. என் விரல் இடுக்கில் தண்ணீர் நெளிந்து, அறையின் மூலையில் இருந்த தூம்பு வழியாகத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தகட்டில் உடம்பு பட்டிருந்தால் முதலில் நான்தான் போயிருப்பேன். எனக்குப் பின்னால் அவளும்.

வாசலுக்கு ஓடினேன். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்ப உள்ளே ஓடிவந்தேன்.

நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை, கழுவிக் கோலம் போட்ட வீடு, விளக்கு எரிகிறது, அந்த இடத்துக்குள் ஒருவன் செருப்புக் காலோடு சரக் சரக்கென்று வருகிறான். அங்கே எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "டேய், செருப்புடா!" என்று பாஸ்கரனின் தம்பி என் சட்டையைப் பிடித்தான். பித்தான் தெறித்தது. அம்மாள் பலகையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "எம்புள்ள மேல செருப்புக் காலோட வர்றானே, கேக்க ஆளில்லையா!" என்றார். பாஸ்கரனின் தம்பியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, சுவரில் கை படாமல் குனிந்து, பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

வந்துவிட்டது. டெஸ்டரை மறுபடி தகட்டில் வைத்தேன். எரியவில்லை.

"இப்ப வுடுங்க அந்தப் பொண்ண" என்றேன். அதற்குமேல் முடியாமல் செருப்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாஸ்கரனின் தம்பி என்னை அடிக்கத்தான் வந்தான். "கரண்டுதான் போயிடுச்சே, ஃபேன் நின்னுபோச்சே, அப்பறம் மெஷின்ல இன்னாய்யா கரண்டு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் ஒருவனும் அந்த வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. பதில் அப்போது எனக்கும் தெரியாது.

தண்ணீர் போன வழியிலேயே போய்த் தோட்டத்தில் பார்த்தேன். தூம்பு விழுகிற இடத்தில் ஒரு இரும்புக் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எர்த் குழி, மெஷினின் உடம்பில் கசிகிற கரண்டை ஒயர் வழியாக மண்ணுக்குள் இறக்குகிற இடம். கரியும் உப்பும் போட்டுப் புதைத்திருந்தார்கள். தோட்டமே காய்ந்து வெடித்துக் கிடக்க, அந்த ஒரு இடம் மட்டும் சொதசொதவென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடையிலிருந்து கொண்டுவந்த டெஸ்ட் பல்பின் ஒரு ஒயரை அந்தக் குழாயில் கட்டினேன். இன்னொரு ஒயரை இழுத்துவந்து, பிளக் இருந்த சாக்கெட்டின் ஒரு துளையில் விட்டேன். ஃபேன் நின்றுபோன வீட்டில் பல்பு எரிந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒயரிங் செய்த ஆள் மீட்டர் பலகையில் கரண்ட் வருகிற ஃபேஸையும் திரும்பிப் போகிற நியூட்ரலையும் மாற்றிக் கட்டிவிட்டார். அதனால் சுவிட்சை அணைத்தாலும், ஃபியூஸைப் பிடுங்கினாலும் கரண்ட் திரும்பிப் போகிற வழிதான் அடைபடுமே தவிர, வருகிற வழி திறந்தேதான் இருக்கும். மெஷினுக்குள் ஹீட்டர் காயில் விரிசல் விட்டு உடம்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் எர்த் குழி காய்ந்து கிடப்பதால் கரண்டுக்குப் போக்கிடம் இல்லை, சும்மா காத்துக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை வீடு கழுவிய தண்ணீர் குழியில் விழுந்ததும் வழி திறந்துவிடும். காயில் வழியாகப் பூமிக்குள் இறங்கும், போகிற போக்கில் மெஷினைச் சூடாக்கும். வெளியே எனாமல் பூச்சு, அம்மாள் உட்காருவது காய்ந்த பலகை, அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை முழுகிவிட்டு, ஈரத் தரையில் நின்று, பூச்சில்லாத உள் தகட்டில் கை வைக்கிறவள் ஒருத்திதான். அவளைத்தான் அது பிடித்தது.

இவ்வளவையும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். குறி சொல்லும் அம்மாதான் முதலில் குடத்தைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு வேதவல்லியின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். "நானே கொன்னிருப்பேனே, நானே கொன்னிருப்பேனே" என்று முணுமுணுத்துக்கொண்டே துவட்டினார்.

வேதவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் ஃபேஸ், நியூட்ரல் எல்லாம் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அப்ப புடிச்சி இழுத்தது அவரு இல்லையா?"

"இல்லம்மா. கரண்டு."

"அவருக்கு என்மேல கோவம் இல்லையா சார்?"

இதற்கு எந்த மெக்கானிக் பதில் சொல்வான், சொல்லுங்கள்? மெஷினைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். "கோவமா இருந்தா கப்பல்ல போட்டு மெஷினு அனுப்புவாராம்மா? மழக்காலத்துல நீ ஈரத்துணிய வெச்சிக்கினு கஷ்டப்படக் கூடாதுன்னுதானே அனுப்பியிருக்காரு."

அவள் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தார். அதோடு நான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் எனக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும்.

"தம்பி" என்று மெல்லிய குரல் கேட்டது. பாஸ்கரனின் அம்மா. நாங்கள் எல்லோரும் பல்பைப் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த நேரம் முழுக்க அவர் கன்னத்தை எடுக்கவே இல்லை. "சூடு கொறையுது தம்பி."

"பிளக்கப் புடுங்கிட்டேம்மா. அதான்."

"கொறையுதுப்பா. இங்க பாரு, காலுப் பக்கம் ஜில்லுன்னு ஆயிடுச்சி." உள்ளங்கையை மெஷினின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனார், சூடு மிச்சமிருக்கிற இடத்தைத் தேடி. உயிர் பிரிகிற உடம்பை அப்படித் தடவுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சொருவிடுப்பா. ஒரே ஒரு தடவ சொருவிடு."

"வேணாம்மா. ஆபத்து."

"அவ தொட வேணாம். யாரும் தொட வேணாம். உள்ள கையே வுட மாட்டோம். நான் மட்டும் இப்பிடிச் சாஞ்சிக்கினு இருக்கேன். எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே. என்னை இன்னா பண்ணிடும்? வெள்ளிக்கெழம மட்டும்தானேப்பா."

பிளக் என் கையில் இருந்தது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்கரனின் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொருவிடு சார், நான் பாத்துக்கறேன்" என்றான். அம்மாள் சொல்வதிலும் தப்பில்லை. பலகை காய்ந்திருக்கிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாதுதான். செருகிவிட்டுப் போயிருந்தால் அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பழுதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, மீட்டர் இருந்தால் எவனும் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்த பிறகு, ஆபத்து என்று தெரிந்த பொருளைப் பிரியமாகக் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கொடுப்பதா இல்லையா என்பதுதான் நம் வேலை. அந்த அம்மாள் இன்றைக்குச் சாய்ந்துகொள்வார். நாளைக்கு எழுந்திருக்கும்போது பலகையில் ஈரம் இருக்கும், பிடிமானத்துக்கு அந்தக் கதவோரத் தகட்டைப் பிடிப்பார். இல்லையென்றால் ஒரு நாள் உள்ளே இருக்கிற சட்டைகள் பற்றிக்கொள்ளும். நான் விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு வெள்ளிக்கிழமைதோறும் செத்துப் பிழைக்க வேண்டும்.

பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். மெஷின் உடம்பை ஒட்டினாற்போல ஒயரை வெட்டினேன். பிளக்கையும் ஒயரையும் சுருட்டிப் பையில் போட்டேன். வெட்டும்போது டக்கென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அம்மாளின் உள்ளங்கை இப்போது மெஷினின் தலைப்பக்கத்துக்குப் போயிருந்தது. குங்குமப் பொட்டின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நாங்கள் எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி மெஷினில் வைத்தார்.

"போய்ட்டான்" என்றார்.

அப்புறம் வந்தது அந்தக் குரல். தந்தி வந்த அன்றைக்கு வந்திருக்க வேண்டிய குரல். அத்தனை நாள் தொண்டைக்குள் எங்கே வைத்திருந்தாரோ, "என் ராசா!" என்று கத்தினார். வேதவல்லி எழுந்து ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மார்பில் அடித்துக்கொண்டு ஒரே குரலில் அழுதார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். "யாரு? யாருக்கு இன்னா ஆச்சி?" என்று வாசலிலேயே கேட்டார்கள். "பாஸ்கரன் செத்துட்டாரு, அக்கா" என்று ஏழுமலை அழுதுகொண்டே சொன்னார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் வட்டமாக உட்கார்ந்தார்கள். மெஷின் நடுவில் இருந்தது.

மீட்டர் பலகையில் ஒயரை மாற்றிக் கட்டவேண்டிய வேலை இருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஸ்குரூ டிரைவரோடு நிற்க முடியுமா? ஃபியூஸ் கட்டையை ஏழுமலை கையில் கொடுத்து, நல்ல ஆளாகப் பார்த்து அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று காதோடு சொன்னேன். அவர் தலையாட்டினார்.

எந்த வீட்டில் வேலை முடித்தாலும், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "போய்ட்டு வர்றேம்மா" என்று சொல்வது என் வழக்கம். அன்றைக்குச் செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது. சாவு வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.